முன்னால் எட்டு, பின்னால் பத்து

பதினேழு நாள் கழித்துப் பெட்டி வந்தது.
சுங்க வரி சேர்த்து என்ன ஆயிற்று என்று
வீட்டில் நான் சொன்ன தொகைக்கும்
ரசீதில் இருந்த தொகைக்கும் நடுவே
ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்.
அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்து பிழைப்பவள் நான்.

முதலியார்பேட்டையில் அந்துவானின் ஷெட்.
பழைய ஷாக்குகள் நான்கும் எண்ணெய் கசிந்து
விலைபோகாத மீன்களாய்த் தரையில் கிடந்தன.
புதியவை நீலம்.
உடம்பெல்லாம் மரை,
சுருள்வில்லின் காலடியில் இரண்டு வளையம்,
உச்சியில் பட்டாணியளவு திருகு.
வளையத்தைச் சுற்றினால் வண்டி குனியும்.
திருகைச் சுற்றினால் பிடிவாதம் ஏறும்,
கிளிக், கிளிக், மொத்தம் முப்பத்திரண்டு.

"உங்க வெயிட் என்ன மேடம்?"
அறுபத்தொன்று என்றேன்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை
ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி
பெல்ட்டும் போட்டுவிட்டான்.
"பக்கத்துல?"
யாரும் வருவதில்லை.
சரியென்று ஸ்பானரை எடுத்தான்.

முகுந்தன் வருவதில்லை.
இடுப்பில் தொடங்கிக் குதிகால் வரை
ஒரு நரம்பு அவரோடு வழக்காடுகிறது.
தூக்கத்தையும் அதுவே ஜப்தி செய்துவிட்டது.
பாலிடெக்னிக்கில் சிவில் நடத்துகிறவர்,
வேகத்தடை பத்து சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்பார்.
என் வண்டியின் வயிற்றுக்கும் சாலைக்கும்
இப்போது நாலு விரல்.
"இதுக்குள்ள இறங்கலாம், ஏற முடியாது" என்றார்,
ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துப் பார்த்து.

முன்னால் எட்டு, பின்னால் பத்து.
இறுக்கத்தின் எல்லையிலிருந்து எண்ண வேண்டும்.
ஞாயிறு விடியுமுன் வடக்கே கிளம்பினால்
கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதையும்
முதுகெலும்பால் வாசிக்கலாம்.
கீழே ஒற்றை ரூபாய் கிடந்தால்
தலையா பூவா என்று வண்டி சொல்லிவிடும்.
கனகசெட்டிகுளம் தாண்டி ஒரு வளைவு,
பிரேக்கைத் தொடாமல், சாயாமல்,
தண்டவாளம் போட்ட மாதிரி போனது.
மரக்காணம் உப்பளத்தில் நிறுத்தி
தனியாகச் சிரித்தேன்.
உப்பு வாருகிறவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு
வேலையைத் தொடர்ந்தார்.

பெரிய வண்டி சர்வீசுக்குப் போன வாரம்
கடலூரில் அவர் தங்கை வீட்டுப் பால்காய்ச்சு.
பஸ்ஸா என்றேன். பேசவில்லை.
முந்தின இரவு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
முன்னால் இருபத்தாறு, பின்னால் இருபத்தெட்டு.
டிக்கித் தோலை உரித்துத்தான்
பின்திருகை எட்ட முடியும்.
மாடியிலிருந்து அவர் கேட்டார்:
"வண்டிக்கும் தைலம் தேய்க்கிறியா?"

அரியாங்குப்பம் பாலம் வரை
கதவுப் பிடியை விடவில்லை.
தவளக்குப்பத்தில், எதிரே வந்த லாரியின்
அச்சு வளைந்திருக்கிறது என்றார்.
கிருமாம்பாக்கம் தாண்டியபின் பேச்சு நின்றது.
திரும்பிப் பார்த்தேன்.
வாய் லேசாகத் திறந்து
தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வேகத்தடையையும் குறுக்குச் சாய்வாக,
ஒரு சக்கரம், பிறகு ஒரு சக்கரம்,
தொட்டிலைக் கதவிடுக்கில் நுழைப்பதுபோல்.
பின்னால் வந்த டவுன் பஸ்
என் மூன்று தலைமுறையை ஹாரனிலேயே திட்டியது.
தென்பெண்ணையைக் கடந்தோம். மஞ்சக்குப்பம் வந்தது.
தங்கை வீட்டு வாழைமரம் தெரிந்தது.
நிறுத்தவில்லை.
கெடிலம் பாலம் வரை போய்த் திரும்பி
இன்னொரு சுற்று,
அப்புறம் இன்னொன்று.
"பால் பொங்கிடுச்சு, எங்க இருக்கீங்க?"
ஃபோனை அணைத்துவிட்டேன்.

ஞாயிறு. ஐந்து மணி இருட்டு.
முன்னால் எட்டு, எட்டு.
பின்னால் வலம் பத்து.
இடத்தில் ஒன்பதோ பதினொன்றோ,
பால்காரர் மணியடித்ததில் எண்ணிக்கை தவறியது.
முழுக்க இறுக்கிவிட்டு முதலிலிருந்து எண்ணலாம்,
அந்துவான் அப்படித்தான் சொல்வான்.
டிக்கியை மூடினேன்.

காலாப்பட்டு வளைவில்
வண்டி ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்தது.
சாய்ந்த மாதிரி இருந்தது.